இரண்டு விரல் இறக்கம்

என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் வருஷம் முழுக்கப் புதுக் கார் ஓட்டுகிறவர். ஒன்றுகூட அவருடையது இல்லை. எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில், வெளிநாட்டுக்குப் போகிற கார்களை யார்டிலிருந்து எடுத்துக் கப்பலுக்குள் கொண்டுபோய் நிறுத்துவது அவர் வேலை. ஒரு காரில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் அதிகம். இறங்கி, வேனில் ஏறித் திரும்பி வந்து, அடுத்ததை எடுக்க வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டி வளர்ந்த மனுஷர். இத்தனை வருஷம் அடுத்தவன் காரை ஓட்டி ஓட்டி அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், பழசானாலும் சரி, தினமும் அதில்தான் வேலைக்குப் போக வேண்டும்.

தனியாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கூட்டுச் சேர்ந்தவன் என் தம்பி முரளி. பொன்னேரியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு கதவு வைத்த சாம்பல் நிறக் கார் வந்தது. யார் எப்போது ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது மாமாவும் மச்சானும் யோசிக்கவே இல்லை. ஏரியில் இறால் வலை கட்டுகிற இடத்துக்கு எங்கள் ஆட்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு அந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. முறை தப்பினவனை ஊரே கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்கும். காரும் அப்படியே என்று முடிவானது. ஒரு வாரம் இவர் துறைமுகத்துக்கு, மறு வாரம் அவன் பொன்னேரிக்கு. அலைந்து திரிந்து காகித வேலையை முடித்தது முரளி என்பதால் ஆர்.சி. அவன் பெயரிலேயே இருந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பாடு முறைக்கு யாராவது பத்திரம் கேட்பார்களா?

அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங் பேச்சு ஆரம்பித்தது. குட்டை ஸ்பிரிங் மாட்டிக் காரைத் தரையோடு கொஞ்சம் இறக்க வேண்டுமாம், அப்போதுதான் வளைவில் வண்டி சாயாமல் போகுமாம். எவ்வளவு இறக்குவது என்பதில் எங்கள் வீட்டில் தினமும் பஞ்சாயத்து. வலைக்கண்ணை விரலால் அளக்கிற கூட்டம் ஆச்சே, இதையும் விரலால் அளந்தார்கள். இவர் ஒரு விரல் என்றார். முரளி இரண்டு விரல் என்றான். இவர் சும்மா சொல்லவில்லை. என்னையும் பிள்ளைகளையும் ஏற்றி, பின்னால் காஸ் சிலிண்டரையும் வைத்து, பொன்னேரி ரோட்டில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் நிறுத்தினார். நான் இறங்கிக் குனிந்து அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். மானம் போனது.

வீலிலும் அதே இழுபறி. பதினாறு இஞ்ச் போட்டால் டயர் தடிமனாக நிற்கும், பள்ளத்தில் விழுந்தாலும் தாங்கும், தினம் ஓட்டுகிற வண்டிக்கு அதுதான் சரி என்பது இவர் கட்சி. முரளிக்குப் பதினேழு இஞ்ச்தான் வேண்டும், அதுவும் கறுப்பு. ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில், பேச்சு முழுக்க வீல். போனில் படம் காட்டிக் காட்டிக் கெஞ்சினான். இவர் வேண்டாம் என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவான், மறுநாள் வேறு படத்தோடு வருவான். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

கடைசியில் இவர்தான் இறங்கி வந்தார். முதுகுக்குக் கெடுதல், ரோட்டுக்குக் கெடுதல் என்று தெரிந்தும் இரண்டு விரலுக்கும் பதினேழு இஞ்ச்சுக்கும் ஒத்துக்கொண்டார்.

“அவனுக்கும் பாதி வண்டிதானே ஜமுனா. சின்னப் பையன், ஆசைப்பட்டுக் கேக்கறான். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்” என்றார்.

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார். மீஞ்சூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங்கும் வீலும் மாட்டியாயிற்று. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் காரைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கப் பழகினார். வேலை முடிந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஆனால் முரளி வந்து வண்டி எப்படி என்று கேட்டால் போதும், ராஜா மாதிரி இருக்கிறது என்பார்.

அடுத்த மாதம் இவர் முறை வந்த திங்கள்கிழமை கார் வரவில்லை. சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்று போனில் சொன்னான். இவர் பஸ்ஸில் போனார். வாரம் முழுக்க அதே பதில். ஞாயிற்றுக்கிழமை முரளி நேரில் வந்தான், கார் இல்லாமல். நான் வறுத்து வைத்திருந்த இறாலைக்கூடத் தொடவில்லை. கழற்றிய பழைய ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

எதற்கு என்றார் இவர்.

“வண்டி எட்த்தவரு ஒரிஜினல் ஸ்பிரிங்கும் வேணும்னு கேக்கறாரு மாமா.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை விற்றுவிட்டான். சென்னையில் ஒரு ஆள். பொன்னேரியில் சொந்தமாகக் கடை போடப் போகிறானாம், இடம் கைவிட்டுப் போய்விடுமாம், அதனால் அவசரமாம். உங்கள் பாதியைத் தந்துவிடுகிறேன் என்று என்னமோ பெரிய தர்மம் செய்கிறவன் மாதிரி சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். சுவரில் பட்டு விழுந்தது. முறை மாற்றி ஓட்டுகிற வண்டியை எப்படியடா விற்பாய் என்று கத்தினேன். ஆர்.சி. என் பெயரில்தானே இருக்கிறது அக்கா என்றான், தலையைக் குனிந்துகொண்டே.

இவர் கத்தவில்லை. விற்றதைப் பற்றியே கேட்கவில்லை. அவன் எதிரில் போய் உட்கார்ந்தார்.

“மச்சான், அந்த ரெண்டு விரலும் பதினேழு இஞ்சும் நீ ஆசைப்பட்டா கேட்ட?”

முரளி இறால் தட்டைத் தள்ளி வைத்தான். இவர் மறுபடியும் கேட்டார்.

“இல்ல மாமா. அவருக்கு அப்டி இருந்தாத்தான் வேணும்னாரு. முன்னாடியே பேசி வெச்சிட்டேன்.”

அத்தனை ராத்திரியும் என் கையால் சாப்பிட்டுவிட்டு, எவனோ ஒருவனுக்காக இவரிடம் கெஞ்சியிருக்கிறான். காட்டிய படமெல்லாம் அந்த ஆள் அனுப்பியது. இவர் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய ஸ்பிரிங் நாலையும் எடுத்து வந்தார். துரு பிடிக்காமல் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அவன் கையில் கொடுத்தார். நீங்களும் ஒரு மனுஷனா, தூக்கிக் கொடுக்கிறீர்களே என்று அன்றைக்கு ராத்திரி நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. பாதிப் பங்கு கைக்கு வந்தது. அதில் ஒரு ஸ்கூட்டர் வாங்குங்கள் என்றால் கேட்கவில்லை. இன்றுவரை பஸ்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் முரளி சீர் எடுத்துக்கொண்டு வந்தான். புடவை, கரும்பு, மஞ்சள் கொத்து, எல்லாம் குறைவில்லாமல் தட்டில் இருந்தது. புதுக் கடை திறந்தாயிற்று என்று அவன் சட்டையில் இருந்த கடைப் பெயரே சொன்னது. திருப்பி எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் நகரவில்லை. வேலைக்குக் கிளம்பிய இவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“வாங்கிக்கோ ஜமுனா. உனுக்கு அவன் தம்பி, அது மாறாது. எனுக்குத்தான் மச்சான்னு ஒருத்தன் இல்லாம பூட்டான்.”

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். முரளி தட்டை நீட்டியபடியே அழுதான். நான் அதை வாங்காமல் கதவைச் சாத்தினேன்.