பிலோமினா டீச்சரின் குறடு

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மேலே தண்ணீர் லாரி வரும் நேரம், கீழே லிஃப்ட் ரிப்பேர், நடுவில் அவர். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. உயிரோடு இருந்தபோது அதே குழுவில் அவர் கேட்ட எதற்கும் ஒருவரும் பதில் போட்டதில்லை.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வாசல் மாமரத்தில் ஆணி அடிக்காதீர்கள். நாங்கள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் கணக்கு, நான் தமிழ். ஓய்வுக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து வீடு. காலைப் பூசைக்குப் போய்வந்த புடவையும், கையில் குறடுமாக மரத்தடியில் நிற்பார். டியூஷன் போர்டுக்கு அடித்தது, வாடகை அட்டைக்கு அடித்தது என்று ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குவார். பிசின் வடிந்த இடத்தைச் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார்.

"இன்னா டீச்சர், மரத்துக்கு மேக்கப்பா?" என்பார் வாட்ச்மேன்.

"மருந்துப்பா. உன் கால்ல ஆணி குத்துனா சும்மா விட்ருவியா?"

ஒரு புத்தாண்டுக்குத் தெருப்பக்கக் கிளையில் சீரியல் லைட்டை இறுக்கிச் சுற்றினார்கள். கழற்ற யாருக்கும் நேரமில்லை. கிளை பருக்கப் பருக்க ஒயர் பட்டைக்குள் புதைந்தது. டீச்சர் சங்கச் செயலாளரை அழைத்துக் காட்டினார். "பட்டைக்கு அடியிலதான் சார் மரத்தோட சாப்பாடு போகுது. கழுத்தை இறுக்கிக் கட்டிட்டுச் சாப்பிடச் சொன்னா எப்படி?"

"ஒரு மரத்துக்கு இவ்ளோ சீன் போடணுமா டீச்சர்?" என்று சிரித்துவிட்டு அவர் காரில் ஏறினார். டீச்சர் ஒயரைப் பிய்த்தெடுப்பதற்குள் கிளை காய்ந்துவிட்டது. அந்தக் கோடையில் மற்ற கிளைகளில் காய்த்ததில் பங்கு கேட்டு முதலில் வந்தவரும் அந்தச் செயலாளர்தான்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். மாமரத்தில் ஆளுயர பேனர். 'கண்ணீர் அஞ்சலி', டீச்சரின் படம், அடியில் சங்க நிர்வாகிகள் எல்லாருடைய படங்களும். மூலைக்கு ஓர் ஆணி. அதில் ஒன்று, டீச்சர் கடைசியாக மருந்து பூசிய இடத்திலேயே இறங்கியிருந்தது.

"ஏன் சார் இங்க?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"டீச்சருக்குப் பிடிச்ச மரமாச்சேம்மா. அதான் இங்கயே அடிக்கச் சொன்னேன்."

அவர் கேலி செய்யவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டீச்சரின் மகளிடம் அந்தக் குறடு மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆணிகளைப் பிடுங்கி, பேனரை மடித்துச் செயலாளர் வீட்டு வாசலில் வைத்தேன். மருந்து குழைக்க எனக்கு இன்னும் பதம் பிடிபடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு இன்னொரு பேனர் வருகிறதாம். சங்கத்தாரே, தாராளமாகச் சுவரில் மாட்டுங்கள். போன பேனரில் 'சாந்தமே உருவானவர்' என்று போட்டிருந்தீர்கள். டீச்சர் உங்கள் எல்லார் மீதும் கோபத்தோடுதான் போனார். குறட்டோடு சேர்த்து அந்தக் கோபத்தையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.