பாதியில் நிறுத்திய வாக்கியம்

யூதர்களுக்கென்று ஒரு நாடு உருவான வரலாற்றை நான் பல ஆண்டுகள் பாதியாகவே சொல்லிவந்தேன். மறுபாதி எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன்.

நீங்கள் கேட்கலாம்: எங்கோ ஒரு தேசத்தின் கதையை மொன்றியலில் ஒரு தமிழ்ப் பெண் அரைகுறையாகச் சொன்னதால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது? நானும் அப்படித்தான் கேட்டுக் கேட்டு என்னைத் தேற்றிக்கொண்டேன். இனி முடியவில்லை. பொறுமையாக வாசியுங்கள்... என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் சரித்திர ஆசிரியை. இங்கே வந்தபின் ஒரு நூலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்தும் வேலை. ஊரில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலிருந்த மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல்களில் நம்மவர்க்கு உலக வரலாறு சொல்லி வந்தேன். துறைமுகத்தில் பெட்டி இறக்குபவர்கள், உணவகங்களில் கோப்பை கழுவுபவர்கள், பிள்ளையை அயலாரிடம் விட்டுவிட்டு ஓடிவரும் தாய்மார்... பனியில் நனைந்த சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, சூடான ரோல்ஸையும் தேநீரையும் கையில் ஏந்தி அமர்வார்கள்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்றுதான். நாடில்லாத ஒரு மக்கள் கூட்டம் எப்படி நாடு கண்டது?

அதை நான் நன்றாகவே சொல்வேன். ரஷ்யாவின் தெருக்களில் யூதர்கள் வேட்டையாடப்பட்டதிலிருந்து தொடங்குவேன். பாரிஸில் குற்றமற்ற ஒரு யூதப் படையதிகாரியின் மீது துரோகப் பழி சுமத்தப்பட்டதையும், ஐரோப்பாவில் இனித் தமக்குப் பாதுகாப்பில்லை என்று வியன்னாப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியதையும், சுவிஸ் நகரமொன்றில் கூடிய மாநாட்டையும் சொல்வேன். வழிபாட்டில் மட்டும் வாழ்ந்த ஒரு மொழி பிள்ளைகளின் விளையாட்டு மொழியாக மீண்டதைச் சொல்லும்போது, வீட்டில் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பிறகு, இரண்டாம் உலகப் போர்க்காலத்து அந்தப் பெருங்கொலை. தப்பி வந்தவர்களின் கப்பல்களைத் துறைமுகங்கள் திருப்பி அனுப்பியமை. நாம் இன்று குடியிருக்கும் இந்தக் கனடாவும் கதவைச் சாத்தியமை. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் உண்மை, கண்ணீருக்குரிய உண்மை.

1948ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு பிற்பகலில் அந்த நாடு பிரகடனம் செய்யப்படும். அங்கே நிறுத்துவேன். மண்டபம் கைதட்டும்.

"ரீச்சர், அவைக்கு ரெண்டாயிரம் வருசம் எடுத்தது. எங்களுக்கு அவ்வளவு எடுத்தா நான் பென்ஷனும் எடுக்கேலாது, நாட்டையும் காணேலாது!" என்பார் குணம் அண்ணை. துறைமுகத்துக் கிடங்கில் வேலை செய்தவர். ஒரு ஞாயிறும் தவறாதவர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எப்படி மறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1917இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட பிரகடனத்தை அறிவீர்கள். பலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை அது ஆதரித்தது. வாக்குறுதி முழுவதும் ஒரே வாக்கியம். அதன் பிற்பகுதி, அங்கே ஏற்கெனவே வாழும் ஏனைய சமூகங்களின் குடியியல், சமய உரிமைகளுக்கு எந்தக் கேடும் செய்யப்படலாகாது என்கிறது. நான் அந்த வாக்கியத்தைத் தமிழாக்கி வெண்பலகையில் எழுதுவேன். முற்பகுதியை மட்டும். நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பேன்... மூலத்தில் இல்லாத முற்றுப்புள்ளி!

பலஸ்தீனத்தில் வெறுமையான கிராமங்களைப் பற்றிய நூல்கள் என் மேசையைக் கடந்துதான் அலுமாரிக்குப் போயின. அந்தப் பிற்பகலுக்கு முன்பே தொடங்கி அதன் பின்னும் தொடர்ந்து, இலட்சக்கணக்கான பலஸ்தீனர்கள் வீடிழந்ததையும், திரும்பிவர விடப்படாததையும் வாசித்திருந்தேன். பின்னர் அரபு நாடுகளிலிருந்து யூதர்கள் வேரோடு பெயர்க்கப்பட்டதையும் வாசித்திருந்தேன். அறியாமை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியே இல்லை.

பின் ஏன்? சோர்ந்தவர்களுக்கு நம்பிக்கை வேண்டும் என்று எண்ணினேனா? ஆம், அதுவும் ஒரு காரணம். ஆனால் அது வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே வேறொன்று இருந்தது. அதன் பெயர் பௌசியா.

பௌசியாவும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள். அவளுடைய வாப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். நோன்புக் கஞ்சி அவள் வீட்டிலிருந்து எங்களுக்கு வரும். பொங்கல் எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குப் போகும். 1990ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும். அறிவித்தவர்கள் எங்கள் பையன்கள். எங்கள் விடுதலைக்காகத் துவக்கு ஏந்தியவர்கள்.

அன்று எங்கள் வீட்டு வீதியால் அவர்கள் நடந்து போனார்கள். பௌசியா கைக்குழந்தையோடு போனாள். எங்கள் வாசல் படலையடியில் என்னைக் கண்டு நின்றாள். என் கையில் விளக்குமாறு இருந்தது. நான் குனிந்து, ஏற்கெனவே கூட்டிய முற்றத்தை மறுபடியும் கூட்டினேன்.

நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

இப்போது விளங்குகிறதா? நான் 1948இன் அந்தப் பிற்பகலைத் தாண்டி ஓரடி வைத்தாலும் வந்து சேரும் இடம் எங்கள் வீட்டுப் படலைதான். வீடிழந்த பலஸ்தீனப் பெண்ணொருத்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், வரும் முகம் பௌசியாவின் முகம். ஆகவே நிறுத்தினேன். ஆண்டுக்கணக்காக, அழகாக, கைதட்டலோடு நிறுத்தினேன்!

ஊரில் இறுதிப் போர் மூண்டிருந்த ஒரு குளிர்காலத்தில், மண்டபத்துக்குக் கீழிருந்த அந்தக் கடையில் மரக்கறி தேர்ந்துகொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் திருப்பினார்கள்.

"எடியே வதனா! நீதானே? கண்ணாடியும் நரையுமா உண்மையான வாத்திச்சியாயே வந்திட்டாய்!"

பௌசியா. மூத்த மகன் கனடாவுக்கு வரவழைத்திருக்கிறான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். படலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகிழ்ச்சியில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஞாயிறு என் உரைக்கு வரும்படி அழைத்துவிட்டேன்.

"நீ சரித்திரம் சொல்லப்போறியோ? பள்ளிக்கூடத்திலை என்ரை கொப்பியைப் பாத்துத்தானேடி எழுதினனீ!" என்று சிரித்தாள். "வாறன், வாறன். பிழை விட்டா எழும்பிச் சொல்லுவன்."

ஞாயிறு வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்வரிசையில் அமர்ந்தாள். நான் வழக்கமான கதையைச் சொன்னேன். வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். கைதட்டல் ஓய்ந்ததும் அவள் எழுந்தாள்.

"நல்லாச் சொன்னனீங்கள். ஒண்டு கேக்கவேணும். அந்த இடத்திலை முந்தி இருந்த சனத்துக்கு என்ன நடந்தது?"

குணம் அண்ணை எனக்கு உதவுவதாக நினைத்து முந்திக்கொண்டார்.

"அவை பக்கத்து நாடுகளுக்குப் போயிருப்பினம், தங்கச்சி. அவைக்கு எத்தினை நாடு கிடக்கு!"

"சும்மா ஆராவது வீட்டை விட்டிட்டுப் போவினமோ, அண்ணை?"

அவள் குரலில் கோபமே இல்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "தங்கச்சி எந்த இடம்?" என்றார் அவர்.

"யாழ்ப்பாணந்தான். சோனகதெரு."

யாழ்ப்பாண முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெரு அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அது ஒரே நாளில் எப்படி வெறுமையானது என்பதும் தெரியும். குணம் அண்ணை என்னைப் பார்த்தார்.

"ரீச்சருக்கு இவவைத் தெரியுமோ?"

எவ்வளவு எளிய கேள்வி! 'என் தோழி' என்றால் போதும்... அவள் கேட்ட கேள்விக்குப் பதிலும் அதிலேயே அடங்கியிருக்கும். நான் அந்த முகங்களைப் பார்த்தேன். நாளை யார் வீட்டில் இழவுச் செய்தி வரும் என்று அறியாத முகங்கள். அவர்கள் என்னை வெறுத்துவிடுவார்கள் என்று அஞ்சினேன்.

"இஞ்சை கீழை, கடையிலை கண்டிருக்கிறன்," என்றேன்.

பொய்யில்லை பாருங்கள்! கடையில் கண்டது உண்மைதான். வாக்கியத்தின் முற்பாதி...

பௌசியா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சிரித்து, "ஓம், கடையிலைதான் கண்டனாங்கள்," என்றாள். என்னைக் காப்பாற்றினாள்! "நேரம் போச்சு, நான் வாறன்" என்று சொல்லி மேலங்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் கூட்டத்தாரைப் பார்த்து, "அது வேறொரு வரலாறு. பிறகு ஒருநாள் பார்ப்போம்" என்றேன்.

அந்த ஒருநாளை நான் வரவிடவில்லை. போர் முடிந்தது. பலருக்கு எல்லாமே முடிந்துவிட்டது. உரைகளும் நின்றன. ஓய்வு பெற்று, மகனோடு கர்க்லாண்ட் புறநகருக்குக் குடிபெயர்ந்தேன். பௌசியாவின் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியும். போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அந்த நிலத்தில் மீண்டும் பேரழிவு தொடங்கியது. ஒரு காலையில் யூதக் குடும்பங்கள் வீடுகளிலேயே கொல்லப்பட்டன. பலர் கடத்திச் செல்லப்பட்டனர். அதன்பின் காசாவின் மீது பொழிந்த குண்டுகள்... இடிபாடுகளில் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்நகரின் தெருக்களிலும் இரண்டு கொடிகள் எதிரெதிரே நின்றன. குணம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"ரீச்சர், அங்கை முந்தி இருந்த பலஸ்தீனச் சனத்தை அப்பவே வீடுவாசலை விட்டுத் துரத்தினவையாமே? நீங்கள் சொல்லேல்லையே?"

நான் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றுமுன் அவரே தொடர்ந்தார்.

"மறந்துபோனியளாக்கும். நான் உங்களிட்டைத்தானே சரித்திரம் படிச்சனான்... வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

'மறந்துபோனியளாக்கும்'! அந்த மனிதர் எனக்காகத் தாமே ஒரு சாக்குப்போக்கையும் கண்டுபிடித்துத் தந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பௌசியாவிடம் போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் வியக்கவில்லை. உட்காரச் சொன்னாள், தேநீர் தந்தாள், என் முழங்கால் வலியை விசாரித்தாள். நான் அன்றைய ஞாயிறைப் பற்றித் தொடங்கினேன். படலையைப் பற்றித் தொடங்கினேன். "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, விடுங்கோ ரீச்சர்," என்றாள். 'எடியே' என்று ஒருமுறை அழைக்கமாட்டாளா என்று ஏங்கினேன். அழைக்கவில்லை. மரியாதையாகவே நடந்துகொண்டாள்... கடைசிவரை மரியாதையாகவே!

மறுபாதியைச் சொல்லும் உரையொன்றை அதே மண்டபத்தில் வைக்கப்போகிறேன், வரவேண்டும் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சதைக் கேக்க நான் ஏன் வரவேணும்? தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ." கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தவள், குசினி வாசலில் நின்று கேட்டாள்: "எங்கடையையும் சொல்லுவியளோ?"

"சொல்லுறன், பௌசியா. சத்தியமாச் சொல்லுறன்."

"பாப்பம்," என்றாள்.

கடந்த ஞாயிறு அந்த உரையை நிகழ்த்தினேன். பழையவர்களில் எஞ்சியோர் வந்திருந்தார்கள். அந்தப் பிரகடனத்தை முழுமையாக எழுதினேன். யூதர்களின் வேதனையில் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. பலஸ்தீனர்களின் வேதனையில் ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. அஞ்சியோடியவர் ஒருவருக்குப் புகலிடமான நிலம், அங்கேயே வாழ்ந்த இன்னொருவருக்கு இழந்த வீடானது என்று சொன்னேன். நீண்ட காலமாக நான் அவர்களிடம் இதை மறைத்ததையும் ஒப்புக்கொண்டேன். பெண்கள் அழுதார்கள். குணம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து நான் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றுதான். இதையே நாமும் செய்தோம். நம் அயலவருக்கு, நம் பெயரால். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்வரிசையில் புவனம் இருந்தார். போரின் கடைசி மாதங்களில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். இருவரும் அதே துவக்கை ஏந்தியவர்கள். அந்தத் தாயின் முகத்துக்கு நேரே... என்னால் இயலவில்லை. இது இரக்கமா? கோழைத்தனமா? இரக்கத்தின் சேலையைச் சுற்றிக்கொண்ட கோழைத்தனமா? எத்தனையோ நூல்கள் வாசித்திருக்கிறேன். இதற்கு விடை தெரியவில்லை.

தூரத்து அநீதியை எவ்வளவு நேர்மையாகச் சொல்ல முடிகிறது நம்மால்!

"எல்லாருக்கும் நன்றி," என்று முடித்தேன்.

கைதட்டினார்கள். முன்னெப்போதையும்விட நெடுநேரம் தட்டினார்கள். குணம் அண்ணை தடியை ஊன்றி மெதுவாக வந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் இன்னும் ஈரமாகவே இருந்தன.

"இண்டைக்குத்தான் முழுக்கதையும் சொல்லியிருக்கிறியள், ரீச்சர். இனி ஒண்டும் மிச்சமில்லைத்தானே?"

"ஓம் அண்ணை," என்றேன். "மிச்சமில்லை."