பாயின் நிம்மதி மேல் என் கண்

அடுத்தவர் பணத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. ஒரு மனிதருடைய நிம்மதியைப் பார்த்து வந்தது. வயிறு எரிந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தை மூடிவிட்டுப் போகப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்ட நேரம். அங்கே ஸ்டோரில் கயிறும் பெயிண்டும் எடுத்துக்கொடுக்கும் வேலை, எனக்கும் அந்த மனிதருக்கும், அதாவது பாய்க்கும். பத்து வருஷமாக ஒரே மேசை. ஆட்குறைப்பு லிஸ்ட் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எனக்கு மூன்று பிள்ளைகள், அவருக்கு ஐந்து.

தினமும் வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டில் இறங்கி, கோயிலுக்குள் போய், என் வேலையைக் காப்பாற்று தாயே என்று கேட்பேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே பயம் திரும்பி வந்துவிடும். வீட்டில் சோறு இறங்காது. மனைவி மேல் எரிந்து விழுவேன்.

பாயோ மதியம் குழாயடியில் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு கித்தான் துண்டை விரித்துத் தொழுவார். எழுந்து வந்து, கொண்டுவந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். திரும்பும்போது பஸ்ஸில் குறட்டை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த நிம்மதியை எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று அம்மனிடமே கோபித்துக்கொண்டேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பொய் சொன்னேன்.

"பாய், லிஸ்ட் டைப் ஆயிடுச்சாம். உங்க பேரு இருக்குன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

ஆபீஸில் யாரும் அப்படிப் பேசவில்லை. அந்த முகம் ஒரு தடவையாவது கலங்குவதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்படியா," என்றார். குழாய்ப் பக்கம் போய்விட்டார். அது தொழுகை நேரம்கூட இல்லை. எனக்கு இன்னும் எரிந்தது.

மூன்று வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. பாயின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

நோட்டீஸ் போர்டு முன்னால் எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சுண்ணே. அன்னைக்கு நான் பயந்துட்டேன், தெரியுமா? அதான் போயி அல்லாகிட்ட விழுந்தேன். தினமும் பயத்தோடதான் போயி விழறேன். எந்திரிக்கிறப்ப, இனி அவன் பாத்துக்குவான்னு விட்டுட்டு வந்துடுவேன். வீட்டுலயும் அன்னைக்கே சொல்லிட்டேன். நீங்க சொல்லலன்னா இன்னைக்கு இடிஞ்சு போயிருப்பேன் லா."

என் பொய்க்கு நன்றி சொல்கிறார். வேலை எனக்கு, நிம்மதி அவருக்கு. அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அன்று மாலை கோயிலில் எதையும் கேட்கவில்லை. வேலை தங்கியதற்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. செய்ததைச் சொன்னேன். இனி நீயே பார்த்துக்கொள் என்று விழுந்தவன், பின்னால் நின்றவர் நகரச் சொல்லும்வரை எழவில்லை. நெஞ்சு லேசாகியிருந்தது. வீட்டில் மறுசோறு கேட்டேன். மனைவி பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மனிடம் சொல்லிவிட்டேன். பாயிடம் மட்டும், அவர் இருந்தவரை, சொல்லவில்லை. பெருநாள்தோறும் பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீங்க சொன்னீங்க பாருங்க..." என்று ஆரம்பிப்பார்.