ஜிம்மி நின்ற இடம்

அப்பாவின் அக்காவை எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் ஆளில்லை. மாமி ஒன்றை நினைத்தால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் தெருநாயாகத் திரிந்த ஜிம்மியை வீட்டுக்குக் கூட்டிவந்தவர், ‘நில்’ என்றால் அது நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார். ‘வா’ என்று கூப்பிட்டு வராத நாய்கூடப் பிழைத்துக்கொள்ளும், ‘நில்’ என்று சொல்லி நிற்காத நாய் வாகனம் ஓயாத காலி வீதியில் பிழைக்காது என்பது அவருடைய கட்சி.

காலையில் மாமி வங்கி வேலைக்குப் போகுமுன் முற்றத்தில் பயிற்சி நடக்கும். மாமி ‘நில்’ என்பார். ஜிம்மி போய்க்கொண்டேயிருக்கும். நின்றதெல்லாம் அப்பாதான். வெளியே புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கேற்றைத் தாண்டியவர் மாமியின் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து, கதிரையில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார். அதற்குள் பஸ் போய்விடும். அக்கா நாயைப் பழக்குகிறாவா, என்னைப் பழக்குகிறாவா என்று அம்மாவிடம் முறையிடுவார். மாமியிடம் கேட்க அவருக்குத் துணிவில்லை.

மாமி ஒருநாளும் கை ஓங்கியதில்லை. நின்றால் மீன் அடைத்த மாலுபாண் துண்டு, நிற்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. மழைக்காலம் முடிவதற்குள் ஜிம்மி சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கப் பழகிவிட்டது. எனக்கு மாமி மேல் பக்தியே வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மாலை எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அப்பா போனில் கதைத்தபடி முன்னால் நடந்தார். ஜிம்மி அவர் காலோடு ஒட்டிப் போனது. அலை இரைச்சலில் ரயில் வரும் சத்தமே கேட்கவில்லை. ரயிலை முதலில் கண்டவர் மாமி.

“நில்” என்றார். அப்படியொரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஜிம்மி நின்றது. அப்பாவும் நின்றார். அவர்கள் முகத்துக்கு முன்னால் ரயில் இரைந்துகொண்டு போனது.

மாமி ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

“பின்னால கூப்பிட்டிட்டன் எண்டு கோவிக்காதை, தம்பி.”

“இல்லை அக்கா,” என்றார் அப்பா.

இருவரும் அழுதார்கள். ஒரு நாய்க்காகப் பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் ஜிம்மியைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன். மாமி, ரயில், ஜிம்மி எல்லாம் அதில் வந்தன. அப்பா வரவில்லை.