அத்தையின் விவாகரத்தும் ஏரி மீன் குழம்பும்

அத்தைக்கு விவாகரத்து வாங்கப் போகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணூரில் அதுவரை யாருமே வாங்காத சாமான் அல்லவா! ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ், வக்கீல் வீடு, வரும் வழியில் ஓட்டலில் பூரி கிழங்கு. சின்னப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு மாட்டு வியாபாரத்தில் அப்பாவுக்கும் அத்தையின் புருஷனான மாமாவுக்கும் முட்டிக்கொண்டது. “என் தங்கச்சி இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா” என்று சொல்லி அப்பா அத்தையை அழைத்து வந்துவிட்டார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் அத்தை கையெழுத்துப் போட்டாள். அண்ணனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பிரிந்து வாழக் கோர்ட்டு உத்தரவு கிடைத்தது. எங்கள் கன்றுக்குட்டி வக்கீல் ஃபீஸாகப் போயிற்று.

“இன்னும் ரெண்டு வருஷம் தனியா இருந்தாத்தான் விவாகரத்து. நடுவுல புருஷனோட சேர்ந்துட்டா பழைய கணக்கு செல்லாது, ஜாக்கிரதை” என்றார் வக்கீல். அத்தை அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

கெடு முடியச் சில வாரங்கள் இருக்கும்போது, மணிமங்கலம் கோயிலுக்குப் போய்ச் சிநேகிதி வீட்டில் தங்கி வருகிறேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மணிமங்கலத்துக்குப் போகாமல் படப்பையிலேயே என்னோடு இறங்கிவிட்டாள். பார்த்தால், மாமா வீடு!

மாமா வாசலிலேயே விக்கித்து நின்றார். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய் ஏரி மீன் வாங்கி வந்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழம்பு வைத்தாள். அப்பப்பா, அது என்ன ருசி! மாமா சாப்பிடாமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று அவர் பங்கு மீனையும் நானே தின்றேன்.

மறுநாள் பஸ்ஸில் அத்தை என் காதைக் கடித்தாள். “வூட்ல யார்கிட்டயும் சொல்லாதடி, கண்ணு.”

சத்தியம் செய்தேன். ஆனால் ரகசியம் உள்ளே அடங்காமல் என் வயிறு உப்பிக்கொண்டே போனது. கெடு முடிந்து மறுபடி வக்கீலிடம் கிளம்பியபோது, “அவளும் வரட்டும்ண்ணே, பஸ்ஸுன்னா உசுரு அவளுக்கு” என்று அத்தைதான் எனக்காகச் சிபாரிசு செய்தாள்.

“உத்தரவுக்கு அப்புறம் அவர் வீட்டுக்குப் போகலியேம்மா?” என்று வக்கீல் கேட்டார். அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பதில் தெரிந்தவள் சும்மா இருக்கலாமா?

“போனோமே சார்! மீன் கொழம்பு துன்னுட்டு அங்கியே தூங்கினோம்!”

அப்பா துள்ளி எழுந்தார். “அடிப்பாவி! கோயிலுக்குப் போறேன்னுட்டு மீனா துன்னுட்டு வந்தே?”

“எல்லாம் மொதல்லேருந்துதான்யா. செலவும் புதுசா ஆகும்” என்று வக்கீல் கேஸ் கட்டை மூடினார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விற்க வேறு கன்றும் இல்லை. அடுத்த வாரமே மாமா வந்து அத்தையை அழைத்துப்போனார்.

சத்தியத்தை மீறியதற்கு முதுகில் நாலு சாத்து விழும் என்று நடுங்கிக்கொண்டிருந்த என்னை, போகும்போது அத்தை கட்டிப்பிடித்து முத்தமாகப் பொழிந்தாள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. வாயே திறக்காத என் அக்கா ஒருத்தி வீட்டில் இருக்க, தெருவே ஓட்டை வாய் என்று கூப்பிட்ட என்னை அவள் எதற்குப் படப்பைக்குக் கூட்டிப்போனாள் என்று யோசிக்க, எனக்கும் கல்யாணமாகி ஒரு புருஷன் வரவேண்டியிருந்தது.