மாசியும் மீன்தான்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் அக்கா விட்டுப்போனவை. தேயிலைக் கொழுந்து பறித்த கையால்தான் அத்தனை பேரையும் வளர்த்தேன்; யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. என் எழுத்து என் பெயரோடு முடிந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல, இரண்டாவது மகனின் மகள் எழுதுகிறாள்.

நான் மச்சம் சாப்பிடுவதில்லை. மீன், இறைச்சி, கருவாடு எதுவும் கிடையாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டாவது மகனைத்தான் காட்டுவேன். தவழுகிற வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு கண் மேலே செருகிவிட்டது. அக்கரப்பத்தனை ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வரவில்லை. ஒரு காசை எடுத்து, மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து, மாரியம்மாவிடம் சொன்னேன்: “இவன எங்கிட்டயே விட்டுரு தாயே. இவன் உசிரோட இருக்குற வரைக்கும் மீனு, எறச்சி என் வாயில படாது.” மறுநாள் பால் கேட்டு அழுதான். இன்று ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான்; தொப்பையும் விழுந்துவிட்டது.

வேண்டுதல் முடிந்ததும் காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். என்னுடையது முடியக்கூடாத வேண்டுதல். அதனால் அந்த முடிச்சு என் சுருக்குப்பையிலேயே இருக்கிறது. துணி நைந்துபோனால் மாற்றுவேன். காசு அதேதான்.

கடைசி மகள் கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன இடத்தில் ஒரு சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டாள். மாத்தறைக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் அவன் வீடு. கல்யாணத்தில் இரண்டு பக்கமும் மனஸ்தாபம். அவள் வயிற்றில் பிள்ளை வளர்ந்த பிறகுதான் நான் முதன்முதலாக அங்கே போனேன். ஹட்டனில் ரயிலேறி வட்டவளை தாண்டியதும் சால்வையைக் கழற்றினேன். கடலோரம் போய் இறங்கியபோது சேலையே பாரமாக இருந்தது.

வாசலில் வைத்தே மகள் காதைக் கடித்தாள். “அம்மா, மாமியாரு விடிஞ்சதுல இருந்து சமைக்கிறாங்க. மொகத்த சுளிக்காம சாப்பிட்டுருங்க. நான் இந்த வீட்டுல வாழணும்.”

“மீனு இல்லேன்னா சாப்பிடுறேன்.”

“இல்லம்மா. நீங்க மீனு தொடமாட்டீங்கன்னு அவரு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு.”

மேசை நிறையப் பாத்திரங்கள். சம்பந்தியம்மா என்னைவிட உயரம், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, “மாலு நே, மாலு நே” என்று பெருமையாகச் சொன்னாள். மீன் இல்லை என்று அர்த்தம். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் பருப்பிலிருந்து வந்த வாசனை எனக்குத் தெரியாத வாசனையா? அது மாசி. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரி காயவைத்தால் மாசி. அதை இடித்துப் பருப்பிலும் தேங்காய்ச் சம்பலிலும் போடுவார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலும் சம்பலுக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஊரில் அதை மீன் என்று யாருமே நினைப்பதில்லை. உப்பு மாதிரி, கறிவேப்பிலை மாதிரி.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“மாசி தூளுதானேம்மா! அது ஒரு மீனா?”

“தூளாக்கிட்டா மீனு மரமாயிருமாடி? ஒங்கண்ணன் உசிரு அதுலதான் இருக்கு.”

மகள் என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னாள். வயிற்றைத் தடவிக் காட்டியதில் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு வயிற்று நோவு என்று சொல்கிறாள். பாவம், சம்பந்தியம்மா உள்ளே ஓடினாள். வயிற்றுக்கு இதமாகத் தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய்த்தூள் போடாமல் ஒரு சொதி வைத்துக் கொண்டுவந்தாள். அதிலும் மாசி மிதந்தது.

அதையும் தொடவில்லை. இப்போது அவள் முகம் மாறியது. மகளிடம் கொஞ்சம் உரக்கவே ஏதோ கேட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னா கேக்குறாங்க? உள்ளத சொல்லு.”

“எங்க வீட்டு சாப்பாடு ஒங்கம்மாவுக்கு எளப்பமான்னு கேக்குறாங்க.” மகள் அழுதுவிட்டாள். “ஒரு வாய் சாப்பிட்டா என்னாம்மா? எனக்காக.”

ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை விட்டுக்கொடு என்று கேட்டால் தாய் என்ன செய்வாள்? நான் இரண்டு பேரையும் விடவில்லை. எழுந்து, யாரும் கூப்பிடாமலே அடுப்படிக்குப் போனேன்.

கடைத்தெருச் சிங்களம்தான் எனக்குத் தெரியும். விலை கேட்பேன், பஸ்ஸை நிறுத்துவேன், தேவைப்பட்டால் சண்டை போடுவேன். வேண்டுதலைச் சொல்ல அது போதாது. மாசி டின்னைத் தேடி எடுத்தேன். ஒரு கட்டையை உள்ளங்கையில் வைத்து, பின்னாலேயே வந்த சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன். “மே மாலு!” இது மீன் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மாலு இல்லை, உம்பலகட என்று பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். மாசிக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

“மாலு!” என்றேன் மறுபடியும். சுருக்குப்பையை அவிழ்த்து, மஞ்சள் முடிச்சை எடுத்து மற்ற உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் சிரிப்பு நின்றது. முடிச்சைத் தொடவில்லை. இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். “பாரயக்த?” என்று கேட்டாள். வேண்டுதலா என்று கேட்கிறாள்.

“ஓவ். புத்தா,” என்றேன். ஆமாம், மகன். கையால் ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினேன்.

அவள் அறைக்குள் போய் ஒரு வெள்ளை முடிச்சைக் கொண்டுவந்தாள். அதற்குள்ளும் ஒரு காசு. கதிர்காமத்தின் பேரைச் சொன்னாள்; முருகனுக்கு நேர்ந்து முடிந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்ற என் மகளின் வயிற்றைக் காட்டினாள்.

மகளுக்கு அது அன்றுதான் தெரியும்.

பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் மாசி டின்னை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தாள். இடிக்கிற உரலைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவினாள். நான் தேங்காய் துருவினேன். அவள் உப்பை அள்ளிப் போட, நான் கையைப் பிடித்தேன்; அவள் என் கையைத் தட்டிவிட்டாள். சம்பல் உப்புக்கரித்தது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

பேரன் பிறந்த பிறகும் போய் வந்திருக்கிறேன். நான் படியேறும்போதே அந்த டின் மேல்தட்டுக்கு ஏறிவிடும். ஊர் விசேஷத்துக்கு அழைத்துப்போனாலும் சம்பந்தியம்மாதான் முன்னால் போய்ச் சட்டிக்குள் எட்டிப்பார்ப்பாள். சில கறிகளுக்கு என் பக்கம் திரும்பி, “மாலு!” என்று உரக்கச் சொல்லுவாள்.

மகள் இன்னமும் சொல்கிறாள், “நீங்க கொஞ்சம் நயமா சொல்லியிருக்கலாம்மா.” நயமாக அவள்தானே சொன்னாள். அந்த நயத்தில்தான் சொதி வந்தது. என் வாய்க்குள் என்ன போகலாம் என்று நான் சொல்லுவேன். எந்த ஊரிலும் சொல்லுவேன். பாஷை தெரியாவிட்டால் அடுப்படிக்குள் புகுந்து சொல்லுவேன்.

“எழுதிட்டியா, பாப்பா? எங்க, மொதல்ல இருந்து சத்தமா வாசி. ஒங்க அத்தை மாதிரி எங்கயாச்சும் வயித்து நோவுன்னு மாத்தி வெச்சிருந்தீன்னா, எனக்கு வாசனையிலேயே தெரிஞ்சிரும்.”