அரசரத்தினம் அண்ணை பெயரிட்ட எட்டுக் காட்சிகள்

அரசரத்தினம் அண்ணை காலமான செய்தி சென்ற மாதம் ஒரு காலையில் வந்தது. தொலைபேசியில் பேசிய அவருடைய மகள் சுகந்தி அழவில்லை. "அப்பா விடிய போயிட்டார் அங்கிள். உங்களுக்கு மறக்காமல் சொல்லச் சொன்னவர்" என்றார். அவர் என்னை நினைவில் வைத்திருக்குமளவுக்கு எனக்குத் தகுதி இல்லை. அது ஏன் என்பதை, அவரை அறிந்த உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் இந்த நகரத்தில் வெக்ஸ்போர்டிலிருந்து மோர்னிங்சைட்வரை இருபது வருடங்களுக்கு மேல் பஸ் ஓட்டிய மட்டக்களப்பு மனிதர். மூடிய கதவை, ஓடிவருகிறவர்களுக்காக மறுபடி திறப்பவர். ஓய்வுபெற்ற பின் அவர் எழுதியதும் சிலருக்குத் தெரியும். நான் ஆசிரியராக இருக்கும் சிறு சஞ்சிகைக்கு அவர் தந்தது ஒரேயொரு கட்டுரை.

அந்தக் கட்டுரைக்குக் காரணம் அவரோடு பஸ் ஓட்டிய லியூ என்ற சீனர். தேநீர் இடைவேளைகளில் லியூ தன் ஊரின் எட்டுக் காட்சிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சீனாவில் பல ஊர்களுக்கு இப்படி எட்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கே சீன எழுத்துகளில் ஒரு பெயர். இடமும் பொழுதும் அதற்குள் அடங்கிவிடும். மூடுபனிக் கோயிலின் மாலை மணி, தூரக் கரையிலிருந்து திரும்பும் பாய்மரப் படகுகள், மணல்திட்டில் இறங்கும் காட்டுவாத்துகள். ஓவியர்கள் அவற்றை வரைவார்கள், கவிஞர்கள் பாடுவார்கள், ஊர்க்காரர்கள் அந்தந்தப் பொழுதில் போய் நின்று பார்ப்பார்கள். அண்ணைக்கு அது பிடித்துப்போயிற்று. தன் பஸ் பாதையில் எட்டுக் காட்சிகளுக்குப் பெயர் வைக்க மூன்று வருடங்கள் எடுத்துக்கொண்டார்.

"வடிவான இடத்துக்கு ஆரும் பேர் வைப்பினம் தம்பி. நாங்கள் பாராமல் போற இடத்துக்குத்தான் பேர் வேணும்" என்பார்.

ஒரு புரட்டாதி ஞாயிறு காலை, ஓடையில் முட்டையிட மீன் ஏறுகிறது, வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். 'பாலத்தின் கீழ் திரும்பும் மீன்கள்' அவருடைய நாலாவது காட்சி. குளிர் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிட்டேன். அவர் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

கட்டுரையைக் காட்சிக்கு ஒரு தாளாக எட்டுத் தாள்களில் எழுதித் தந்தார். இதழ் அச்சுக்குப் போகும் நாளில் ஒரு கல்யாண மண்டபத்து விளம்பரம் வந்தது. இடம் போதவில்லை. கடைசித் தாளை எடுத்துவிட்டுத் தலைப்பை 'ஏழு காட்சிகள்' என்று மாற்றினேன். அந்தத் தாளை நான் வாசிக்கவேயில்லை.

இதழைப் பார்த்துவிட்டு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ஏழு எண்டு சீனரிட்டை ஒரு வழக்கம் இல்லைத் தம்பி. பரவாயில்லை, இடம் காணாமல் இருந்திருக்கும்." அடுத்த இதழில் போடுவதாகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்பது இதழ்கள் வந்துவிட்டன. அவர் ஒருதரமும் கேட்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் லியூ என்னைத் தேடி வந்தார். கையில் அந்தப் பழைய இதழ். கட்டுரை முடிந்த இடத்துக்குக் கீழே, விளம்பரத்தைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தில், நீல மையில் பொடி எழுத்தாக எட்டாவது காட்சி எழுதப்பட்டிருந்தது. தான் கொடுத்த ஒவ்வொரு பிரதியிலும் அண்ணை அதைக் கையால் எழுதியிருக்கிறார். மற்ற ஏழையும் லியூவுக்கு விளக்கிச் சொன்னவர், இதை மட்டும் ஆசிரியரிடம் கேட்கும்படி சொல்லியிருந்தாராம்.

அதன் பெயர் 'ஆஸ்பத்திரி யன்னலில் முதற்பனி'. மனைவி கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி அண்ணையின் பஸ் பாதையில்தான் இருந்தது. பஸ் போகும் நேரம் பார்த்து, மூன்றாம் மாடி யன்னலில் மனைவி கையை உயர்த்துவாராம். முதற்பனி கொட்டிய அன்று, மனைவியின் கடைசி நாளில், யன்னலே தெரியவில்லை. கை உயர்ந்ததா என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்று அண்ணை முடித்திருந்தார்.

நான் நின்றபடியே அதை லியூவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்தில் நின்ற சுகந்தி, "அம்மாவைப் பற்றி அப்பா எழுதினது இது மட்டும்தான் அங்கிள்" என்றார். ஏன் அச்சிடவில்லை என்று லியூ கேட்டார். வாசிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் இதழை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த இதழில் எட்டும் முழுமையாக வருகின்றன. வாசிக்க அவர் இல்லை.

அவருடைய கையெழுத்துத் தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஏழு தாள்களில் என் சிவப்பு மைத் திருத்தங்கள். எட்டாவதில் சிவப்பு மை ஒரு புள்ளிகூட இல்லை. போன கிழமை அவற்றை சுகந்தியிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே வைச்சிருங்கோ அங்கிள்" என்று திருப்பித் தந்தார். அது மன்னிப்பா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வைத்திருக்கிறேன்.